திவால் மனுவுக்கு முன் ஒரு வகுப்பு, பின் ஒரு வகுப்பு

அமெரிக்காவில் தனிமனிதர் ஒருவர் திவால் மனு போட்டுக் கடனிலிருந்து விடுபட வேண்டுமென்றால், இரண்டு வகுப்புகளை முடித்தாக வேண்டும். ஒன்று மனு போடுவதற்கு முன்னால், மற்றொன்று மனு போட்ட பின்னால். முதலாவது இல்லாமல் மனு நிற்காது. இரண்டாவது இல்லாமல் கடன் தள்ளுபடியாகாது. வக்கீலுக்குப் பணம் கட்டி, பழைய பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் தேடி எடுத்து, கூனிக் குறுகி விசாரணையும் முடித்த பிறகு, 2 மணி நேர வகுப்பு ஒன்றின் சான்றிதழ் கோர்ட்டுக்குப் போய்ச் சேராததால் கடனோடேயே திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். யாருக்கும் அப்படி ஆகக் கூடாது.

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்று ஊரில் சொல்லும்போது அதில் ஓர் இளக்காரம் இருக்கும். கடல் தாண்டி வந்த பிறகும் அந்தப் பேச்சுக்குப் பயந்து நம்மவர்கள் பலர் இதைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. கேட்காததால் சின்னச் சின்ன விவரங்கள் தெரியாமல் போகின்றன. அமெரிக்காவில் திவால் மனு போடக் குடியுரிமை தேவையில்லை, கிரீன் கார்டும் தேவையில்லை. அங்கே வசித்தாலோ, தொழிலோ சொத்தோ அங்கே இருந்தாலோ சட்டம் இடம் கொடுக்கிறது. விசாவில் இருப்பவருக்கும் இந்த இரண்டு வகுப்புகள் உண்டு.

முதலில் அடிப்படை. தனிமனிதர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போகிறார்கள். சாப்டர் 7 என்பது சில மாதங்களில் முடிவது. சட்டம் விலக்கு அளிக்கிற உடைமைகள் போக மிச்சம் ஏதாவது இருந்தால் விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, கிரெடிட் கார்டு, மருத்துவமனை பில் போன்ற கடன்களைத் தள்ளுபடி செய்வது. சாப்டர் 13 என்பது 3 முதல் 5 ஆண்டுகள் வரை மாதாமாதம் ஒரு தொகை கட்டி, மிச்சத்தைத் தள்ளுபடி வாங்குவது. வீட்டுக் கடன் தவணை தவறியவர்கள் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள இந்த வழிக்கு வருவார்கள். எந்த வழியானாலும் மனு பதிவான நிமிடமே வசூல் வேலைகளுக்குத் தடை விழுகிறது. போன் நிற்கும், சம்பளப் பிடித்தம் நிற்கும், வீட்டு ஏலம் நிற்கும். இந்தத் தடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்பைத் தவறவிடுகிறவர்களுக்கு அடி விழுவது இங்கேதான்.

இந்த வகுப்புகள் எப்போதும் இருந்தவை அல்ல. 2005 ஏப்ரலில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட திவால் சட்டத் திருத்தத்தில்தான் இவை கட்டாயமாயின. அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் பழைய விதிப்படி மனு போட்டுவிட வேண்டுமென்று கோர்ட் வாசல்களில் கூட்டம் அலைமோத, அந்த ஓராண்டில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் பதிவாயின. கட்டக்கூடியவர்களும் திவாலைச் சுலப வழியாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று கிரெடிட் கார்டு நிறுவனங்களும் வங்கிகளும் ஆண்டுக்கணக்கில் வாதாடி வந்ததன் விளைவு அந்தத் திருத்தம். மனுவுக்கு முன் யாராவது ஒருவர் உட்காரவைத்துக் கணக்குப் பார்த்தால், பலர் வேறு வழி தேடிக்கொள்வார்கள் என்பது சட்டம் இயற்றியவர்களின் நம்பிக்கை.

முதல் வகுப்பு

இதன் பெயர் கடன் ஆலோசனை. மனு போடும் நாளிலிருந்து பின்னோக்கி 180 நாட்களுக்குள் முடித்திருக்க வேண்டும். மத்திய அரசின் நீதித் துறையின் கீழுள்ள யு.எஸ். டிரஸ்டி அமைப்பு அங்கீகரித்த லாப நோக்கமற்ற நிறுவனங்கள் மட்டுமே இதை நடத்தலாம். அலபாமா, வட கரோலினா ஆகிய இரண்டு மாநிலங்களில் மட்டும் அந்த அங்கீகாரத்தைத் தருவது திவால் நிர்வாகி என்ற கோர்ட் அதிகாரி. நேரில் போகலாம், போனில் பேசலாம், இணையத்தில் முடிக்கலாம். பெரும்பாலும் ஒரு மணி நேரம், சிலருக்கு ஒன்றரை மணி நேரம். இணையத்தில் செய்தாலும் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய் முடித்துவிட முடியாது. சாட்டிலோ போனிலோ மின்னஞ்சலிலோ ஓர் ஆலோசகருடன் பேசிய பிறகுதான் அது முடிந்ததாகக் கணக்கு.

உள்ளே என்ன நடக்கும்? ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நியூ ஜெர்சியில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கணவருக்கு வேலை போய்விட்டது. மனைவியின் சம்பளம் கைக்கு வருவது மாதம் 4,100 டாலர். ஆலோசகர் கேட்கக் கேட்கச் செலவுகளைச் சொல்கிறார்கள். வாடகை 1,900. மளிகை 550. காருக்குத் தவணை, இன்ஷூரன்ஸ், பெட்ரோல் சேர்த்து 700. கரண்ட், போன், இணையம் 320. மருந்து, டாக்டர் 200. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவது 100. மொத்தம் 3,770. மிச்சம் 330.

அடுத்து கடன் பக்கம். நான்கு கிரெடிட் கார்டுகளில் மொத்தம் 42,000 டாலர், வட்டி 24 சதவீதம். வட்டி மட்டுமே மாதம் 840 டாலர் ஓடுகிறது. கையில் மிஞ்சுவதோ 330. ஆலோசகரிடம் ஒரு மாற்று வழி இருக்கும். நிறுவனமே கடன்காரர்களிடம் பேசி வட்டியைக் குறைக்கச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே தவணையாக்கி, 3 முதல் 5 ஆண்டுகளில் அடைக்கும் திட்டம் அது. வட்டி 8 சதவீதத்துக்கு இறங்கியது என்றே வைத்துக்கொண்டாலும், 5 ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 850 டாலர் வேண்டும். இந்தக் குடும்பத்தால் முடியாது. ஆலோசகரே அதைக் குறித்துக்கொள்வார்.

திவால்தான் வழி என்று அவர் தீர்ப்புச் சொல்லமாட்டார். மனு போடலாமா, எந்த சாப்டர் என்பதெல்லாம் சட்ட ஆலோசனை. அதைத் தர அவருக்கு அனுமதி இல்லை. மாற்றுத் திட்டத்தை அவர் சொன்னால் ஏற்றே ஆக வேண்டிய கட்டாயம் உங்களுக்கும் இல்லை. இந்த வகுப்பில் பாஸ், ஃபெயில் கிடையாது. செலவைக் கேட்கும்போது வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்லுங்கள். அம்மாவுக்கு அனுப்பும் அந்த 100 டாலரையும், நண்பரிடம் வாங்கிய கைமாற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதே எண்களைத்தான் நாளை மனுவில் சத்தியம் செய்து எழுதப் போகிறீர்கள். இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாக இருந்தால் கேள்வி வரும்.

முடிந்ததும் ஒரு பக்கச் சான்றிதழ் வரும். அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உங்கள் பெயர், எந்தக் கோர்ட் எல்லைக்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனம், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்பது வரை இருக்கும். மணி இருப்பதற்குக் காரணம் உண்டு. மனு போடும் நாளிலேயே வகுப்பை முடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் காலையில் மனுவைப் பதிவு செய்துவிட்டு மாலையில் வகுப்பை முடித்தால் சிக்கல். சான்றிதழ் எண்ணின் நடுவே சிசி என்று இரண்டு எழுத்துகள் இருந்தால் அது முதல் வகுப்பின் சான்றிதழ். டிஇ என்று இருந்தால் இரண்டாவதுடையது. இரண்டு காகிதங்களும் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக நினைத்துக்கொள்வது சகஜம். அடையாளம் அந்த இரண்டு எழுத்துகள்தான்.

இந்த வகுப்பு இல்லாமல் மனு போட்டால் என்ன ஆகும்? தள்ளுபடி ஆகும். கடன் அல்ல, மனு. மறுபடி போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றலாம். போடலாம், கட்டணத்தையும் மறுபடி கட்டலாம். ஆனால் ஓராண்டுக்குள் மனு ஒருமுறை தள்ளுபடியாகி அடுத்தது போட்டால், வசூல் தடை 30 நாட்களோடு முடிந்துவிடும். நீட்டிக்கக் கோர்ட்டில் தனியாகக் கேட்டுக் காரணம் காட்ட வேண்டும். ஓராண்டில் இரண்டு முறை தள்ளுபடியாகியிருந்தால் மூன்றாவது மனுவுக்குத் தடை தானாக விழவே விழாது. நாளை மறுநாள் வீடு ஏலத்துக்கு வருகிறவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் போனில் பேசியிருந்தால் போதும்.

அவசரம் என்றால் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் கேட்டும் 7 நாட்களுக்குள் இடம் கிடைக்கவில்லை, உடனே மனு போட்டே ஆக வேண்டிய நெருக்கடி என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தால், மனு போட்டு 30 நாட்களுக்குள் முடிக்க அனுமதி கிடைக்கலாம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 15 நாட்கள். இதை நம்பி இருக்காதீர்கள். போனிலும் இணையத்திலும் அன்றன்றைக்கே வகுப்பு கிடைக்கிற காலத்தில், கிடைக்கவில்லை என்று ஒரு நீதிபதியை நம்பவைப்பது எளிதல்ல. மனநலக் குறைவாலோ கடுமையான உடல் ஊனத்தாலோ பங்கேற்கவே முடியாதவர்களுக்கும், போர்க்களத்தில் ராணுவப் பணியில் இருப்பவர்களுக்கும் முழு விலக்கு உண்டு.

இந்த முதல் வகுப்பைப் பற்றி என் கருத்து இதுதான்: இது மிகவும் பிந்தி வருகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2007-ல் வெளியிட்ட அறிக்கையும் இதன் பலன் தெளிவாக இல்லை என்றே சொன்னது. ஆலோசனைக்கு வந்து சேரும்போதே பெரும்பாலோரின் நிலைமை முற்றிவிட்டது, திவாலை விட்டால் வேறு வழி மிஞ்சியிருக்கவில்லை என்று பலரும் கூறியதை அது பதிவு செய்தது. வேலை போனவருக்கும், அறுவை சிகிச்சை பில்லில் மூழ்கியவருக்கும், விவாகரத்தில் வருமானம் பாதியானவருக்கும் பட்ஜெட் போடத் தெரியாததா பிரச்சினை? இதே ஒரு மணி நேர ஆலோசனை இரண்டு ஆண்டுகள் முன்பே கிடைத்திருந்தால் சிலருக்காவது உதவியிருக்கும். திவால் எண்ணமே இல்லாதவரும் இந்த நிறுவனங்களைக் கூப்பிட்டுப் பேசலாம். கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், கூப்பிட வேண்டிய நேரம் அதுதான்.

இரண்டாவது வகுப்பு

பலர் கோட்டைவிடுவது இதில்தான். மனு பதிவான பிறகு, சாப்டர் 7-ல் 21 முதல் 40 நாட்களுக்குள் கடன்காரர்கள் கூட்டம் என்று ஒன்று நடக்கும். பெயர்தான் அப்படி, பெரும்பாலும் கடன்காரர் ஒருவரும் வரமாட்டார். நீதிபதியும் இருக்கமாட்டார். டிரஸ்டி என்ற அதிகாரி உங்களைச் சத்தியம் செய்யவைத்துச் சில நிமிடங்கள் கேள்வி கேட்பார். இப்போதெல்லாம் பெரும்பாலும் வீடியோ வழியாகவே நடக்கிறது. அது முடிந்ததும் அப்பாடா என்று ஒரு பெருமூச்சு வரும். வக்கீல் அலுவலகத்திலிருந்து வரும் மின்னஞ்சல்களைத் திறந்துகூடப் பார்க்கத் தோன்றாது. மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் இருந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்தில்தான் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

சாப்டர் 7 மனுதாரர் அந்தக் கூட்டத்துக்கு முதலில் குறித்த தேதியிலிருந்து 60 நாட்களுக்குள் இரண்டாவது வகுப்பின் சான்றிதழைக் கோர்ட்டில் சேர்க்க வேண்டும். முதலில் குறித்த தேதி என்பதைக் கவனியுங்கள். கூட்டம் தள்ளிப்போனாலும் கெடு தள்ளிப்போகாது. மார்ச் 10 என்று குறித்திருந்தால் மே 9 கடைசி நாள். கூட்டம் ஏப்ரலில் நடந்தாலும் அதே மே 9 தான். சில நிறுவனங்கள் சான்றிதழை நேராகக் கோர்ட்டுக்கே அனுப்பிவிடும், சில அனுப்பாது. முடித்த அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வகுப்பு முடிந்த கையோடு இதையும் முடித்துவிடலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. செல்லாது. இது மனு போட்ட பிறகுதான் செய்யப்பட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முன்கூட்டிச் செய்தால் பணமும் நேரமும் வீண், மறுபடி செய்ய வேண்டியிருக்கும். சாப்டர் 13-ல் கெடு தாராளம், கடைசித் தவணை கட்டும் வரை நேரம் இருக்கிறது. அதனாலேயே மறந்துபோகிறது. 5 ஆண்டுகள் தவறாமல் கட்டியவர் கடைசியில் இதற்காக அலைவானேன்? மனு போட்ட முதல் மாதத்திலேயே முடித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

முதல் வகுப்பு கடந்த காலத்தைப் பற்றியது என்றால் இது இனி வரப்போகிற மாதங்களைப் பற்றியது. குறைந்தது 2 மணி நேரம். பட்ஜெட் போடுவது, பணத்தை நிர்வகிப்பது, கடனைப் பயன்படுத்துவது, நுகர்வோர் உரிமைகள் என்று நான்கு பகுதிகள் இருக்க வேண்டும் என்பது விதி. இதை வெறும் சடங்காகக் கடந்துபோகாதீர்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன குடும்பத்தின் அந்த 330 டாலரையே பாருங்கள். 840 டாலர் வட்டிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லாத தொகை. கார்டுக் கடன் தள்ளுபடியான பிறகு அதே 330 ஆண்டுக்கு 3,960 டாலர். ஒரு டயர் வெடித்தாலோ பிள்ளைக்கு அவசர சிகிச்சை என்றாலோ கார்டைத் தேய்க்காமல் சமாளிக்கப் போதுமான பணம். அதை எங்கே வைப்பது, எந்தச் செலவுக்குத் தொடுவது, எதற்குத் தொடக்கூடாது என்று யோசிக்க இந்த 2 மணி நேரம் இடம் கொடுக்கிறது.

கடன் பற்றிய பகுதியில் பேடே லோன், அதாவது அடுத்த சம்பள நாள் வரைக்குமான சின்னக் கடன், அதன் கணக்கு வந்தால் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். 100 டாலருக்கு இரண்டு வாரத்துக்கு 15 டாலர் கட்டணம் என்பார்கள். சின்னத் தொகையாகத் தெரியும். ஆண்டுக்கு 26 இரண்டு வாரங்கள். 15-ஐ 26-ஆல் பெருக்கினால் 390. அதாவது ஆண்டு வட்டி ஏறக்குறைய 390 சதவீதம். திவால் முடிந்தவர்களுக்கு இது போன்ற கடன்களும் புதிய கிரெடிட் கார்டுகளும் தபாலில் வந்து குவியும். சாப்டர் 7-ல் ஒருமுறை தள்ளுபடி வாங்கியவர், முந்தைய மனு போட்ட நாளிலிருந்து 8 ஆண்டுகளுக்கு மறுபடி அந்த வழியில் தள்ளுபடி வாங்க முடியாது. கடன் கொடுப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட் பற்றியும் சொல்லித்தருவார்கள். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களிடமிருந்தும் இப்போது வாரம் ஒருமுறை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். சாப்டர் 7 பதிவு அதில் 10 ஆண்டுகள் வரை இருக்கும். தள்ளுபடியான கடன்கள் ஒவ்வொன்றிலும் பாக்கி பூஜ்யம் என்று இருக்கிறதா என்று சில மாதம் கழித்துப் பாருங்கள். இல்லையென்றால் எழுதித் திருத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

காசு, ஆள், மொழி

ஒரு வகுப்புக்கு 50 டாலர் வரை கட்டணம் நியாயமானது என்று யு.எஸ். டிரஸ்டி விதி கருதுகிறது. பல நிறுவனங்கள் அதைவிடக் குறைவாகவே வாங்குகின்றன. குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டில் 150 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவோ குறைக்கவோ வேண்டும். 2025 கணக்குப்படி நால்வர் குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 48,225 டாலர். கட்டணம் எவ்வளவு, தள்ளுபடி உண்டா என்பதை வகுப்பு தொடங்கும் முன்னாலேயே அவர்கள் சொல்லியாக வேண்டும். சொல்லவில்லையென்றால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

கணவன் மனைவி சேர்ந்து மனு போட்டால் இருவருக்கும் தனித்தனிச் சான்றிதழ் வேண்டும். சேர்ந்தே உட்கார்ந்து கேட்கலாம், பெயர் இரண்டும் பதிவாக வேண்டும். வீட்டில் இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவரே இரண்டு பேருக்கும் முடித்துவிடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. யு.எஸ். டிரஸ்டி இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களை மாநில வாரியாகவும் மொழி வாரியாகவும் தேடிப் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் இல்லாத நிறுவனம் எவ்வளவு அழகான சான்றிதழ் கொடுத்தாலும் கோர்ட்டில் செல்லாது. கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் செட்டில்மென்ட் கம்பெனிகள் வேறு ரகம்; அவர்களிடம் பேசியதெல்லாம் இந்த வகுப்பாகக் கணக்கில் வராது.

டொராண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் இருக்கும் நம் மக்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவின் விதி வேறு. அங்கே அரசு உரிமம் பெற்ற திவால் டிரஸ்டி மூலமாகத்தான் எல்லாம் நடக்கும், ஆலோசனை அமர்வுகள் இரண்டும் பதிவுக்குப் பிறகே வரும். அவற்றுக்குப் போகாமல் இருந்தால், முதல் முறை திவாலாகிறவருக்கு 9 மாதத்தில் தானாகக் கிடைக்கக்கூடிய கடன் விடுவிப்பு தானாகக் கிடைக்காது.

அமெரிக்காவில் இரண்டாவது சான்றிதழ் சேராமல் ஏற்கெனவே வழக்கு மூடப்பட்டுவிட்டது என்றால் எல்லாம் போய்விட்டதாக எண்ண வேண்டாம். மூடும் முன்பே கோர்ட் அலுவலகம் ஓர் அறிவிப்பு அனுப்பியிருக்கும், அது பழைய முகவரிக்குப் போயிருக்கலாம். இப்போது வகுப்பை முடியுங்கள். வழக்கை மறுபடி திறக்கக் கேட்டு ஒரு மனுவும், சான்றிதழைத் தாமதமாக ஏற்கக் காரணமும் எழுதிக் கொடுங்கள். மறுதிறப்புக் கட்டணம் சாப்டர் 7-ல் சுமார் 250 டாலர். நீதிபதி ஒப்புக்கொண்டு சான்றிதழும் சேர்ந்துவிட்டால் விடுவிப்பு உத்தரவு பிறக்கும். வழக்கு மூடியதும் வசூல் தடை விலகிவிடுவதால், இடைப்பட்ட நாட்களில் கடன்காரர்கள் மறுபடி வழக்குப் போடவும் சம்பளத்தில் கை வைக்கவும் முடியும். அதனால் மூடிய செய்தி தெரிந்த அன்றே வக்கீலைக் கூப்பிடுங்கள்.